வித்தியாசம் காணப்படவில்லை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட அது நல்லது. இதை நான் கற்பனையில் எடுக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் எடுத்தேன்.

1991 பங்குனியில், யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றில், ஒரே ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு ‘சீவரத்தினம் தட்டச்சு நிலையம்’ என்று பெரிய பலகை மாட்டியிருந்த சீவரத்தினம் நான்தான். ஓர் ஆய்வுகூடத்திலிருந்து நாலு பக்க அறிக்கை ஒன்றை அடிக்கத் தந்தார்கள். ஆங்கிலத்தில். எலிகளின் வாயில் புண் உண்டாக்கி, அதற்குக் களிம்பு பூசிப் பார்த்த ஆராய்ச்சி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘களிம்பு பூசப்பட்ட எலிகளுக்கும் பூசப்படாத எலிகளுக்கும் இடையில் வித்தியாசம் காணப்படவில்லை.’

அந்த வசனம் பொய். அது பொய் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் எலிகளைப் பார்த்துக்கொண்ட மகாதேவி. மற்றது நான்.

இப்போது 1995 தை மாதம். சண்டை ஓய்ந்து மூன்று கிழமை ஆகிறது. ஷெல் சத்தம் இல்லாவிட்டால் மனிதனுக்குப் பழைய விஷயங்கள் கேட்கத் தொடங்கிவிடும் போலிருக்கிறது. பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை கணக்கில் பிழைவிட்டிருக்கிறது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘பதினெட்டுக் கூடுகளில் பதினெட்டு வெள்ளெலிகள் வாயைப் பொத்திக்கொண்டு—’ நிறுத்திவிட்டேன். எலியோடு தொடங்கினால் சிறுவர் கதை என்று எண்ணி நீங்கள் சிரிக்க ஆயத்தமாகிவிடுவீர்கள்.

இரண்டாவது: ‘மூன்று வயது வதனி கஞ்சியைக் கண்டதும் உதட்டை இறுக்கி—’ இதுவும் வேண்டாம். ஒரு பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைத்து உங்கள் கண்ணீரைக் கேட்டு வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது: ‘மகாதேவி கை கழுவினாள்.’

இதை வைத்துக்கொள்வோம்.

3

மகாதேவி கை கழுவினாள். எலி அறைக்கு வெளியே இருந்த குழாயடியில், சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடான அந்தக் காலத்தில், சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணுக்குள் ஈர்க்கு விட்டு எடுத்தாள். அதன் பிறகுதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய் முகாமுக்கு மிதித்தாள்.

முகாம் என்றால் ஒரு பள்ளிக்கூடம். மயிலிட்டியில் கடற்கரை வீட்டை விட்டுவிட்டுத் தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஓடிவந்த சனம் அதன் வகுப்பறைகளில் இருந்தது. ஒரு வகுப்பறைக்குள் எட்டுக் குடும்பம், குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் ஒரு சேலைத் திரை. மகாதேவிக்கு நாற்பத்து மூன்று வயது. புருசன் கனகலிங்கம் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. தங்கை இராசமலரும் தங்கையின் மகள் வதனியும்தான் அவளுடைய திரைக்குள் இருந்தார்கள்.

முகாமில் அகப்பை பிடிக்கிற பொறுப்பு மகாதேவிக்கு. அவளாகக் கேட்டு வாங்கவில்லை. முதல் மாதம் கஞ்சி ஊற்றிய ஒவ்வொருவர் மேலும் முறைப்பாடு வந்தது. தன் ஆளுக்கு அடியில் இருந்து கிண்டி எடுத்தார், மற்றவனுக்கு மேல் தண்ணீரை ஊற்றினார் என்று. மகாதேவியின் அகப்பைக்கு மட்டும் முறைப்பாடு வரவில்லை. ‘இடுகிறவள் தன்னவள் என்றால் அடிப்பந்தி என்ன, கடைப்பந்தி என்ன’ என்று நம்மவர்கள் சொல்வார்கள் அல்லவா? அவளுடைய தங்கைக்கே அந்தப் பழமொழியால் ஒரு பருக்கை கூடக் கிடைத்ததில்லை. பந்தி வஞ்சகம் என்பது மகாதேவிக்குக் கொலை, களவு மாதிரி ஒரு பாவம். சொல்லப்போனால் கொலைக்கு ஏதாவது நியாயம் இருக்கலாம் என்று நினைக்கக்கூடியவள்.

(இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இது விளங்காவிட்டால் மிச்சம் ஒன்றும் விளங்காது.)

இனி ஆராய்ச்சி. மாசியில் முகாம்களுக்குள் சின்னமுத்து என்ற அம்மை புகுந்தது. உடம்பில் போட்டது இறங்கிய பிறகும் பிள்ளைகளின் வாய் அவிந்து கிடந்தது. நாக்கிலும் கன்னத்திலும் புண், தண்ணீர்கூட இறங்காது. பசியில் ஏற்கெனவே இளைத்த பிள்ளைகள் அதற்கு மேல் எத்தனை நாள் தாங்கும்? பூசுவதற்கு ஊதா மருந்துகூட இல்லாத காலம். அச்சுவேலியில் நடராசாப் பரியாரியார் தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரு பிடி மாசிக்காயை அரைத்து, தேன்மெழுகிலும் நல்லெண்ணெயிலும் குழைத்து, மைப்போத்தல் அளவில் ஒரு போத்தல் களிம்பு செய்து கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தவர் தியாகலிங்கம் என்ற இளம் டொக்டர். அதற்கு மேல் செய்ய மாசிக்காய் வேண்டும். தரைப்பாதை அடைபட்டிருந்ததால் மாசிக்காய் கப்பலில் வரவேண்டும். கப்பல் பட்டியலைத் தீர்மானிக்க ஒரு குழு இருந்தது.

“எலியிலை போட்டுக் காட்டுங்கோ. காட்டினால் பட்டியலிலை சேர்க்கிறம்” என்றது குழு.

தியாகலிங்கம் எலி அறைக்கு வந்து மகாதேவியிடம் இதைச் சொன்னார். அவளுடைய முகாமில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு வாய்ப்புண் என்று அவருக்குத் தெரியும்.

“இரண்டு கிழமை பொறுங்கோ அக்கா. உங்கடை முகாமுக்கு மட்டுமில்லை, எல்லா முகாமுக்கும் வரும்.”

“ஓம் டொக்டர்” என்றாள் மகாதேவி.

[பக்கக் குறிப்பு. பரியாரியாரின் கையெழுத்துக் குறிப்பில் தலைப்பு ‘அக்கரத்துக்குக் களிம்பு’ என்று இருந்தது. பழைய வைத்தியத்தில் பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்கு அக்கரம் என்று பெயர். எனக்கு அது தெரியாது. எழுத்தை அடித்துச் சோறு தின்கிறவனுக்கு அக்கரம் என்றால் எழுத்துத்தானே? ‘எழுத்துகளுக்குப் பூசும் களிம்பு’ என்று ஆங்கிலத்தில் அழகாக அடித்துக் கொடுத்துவிட்டேன். தியாகலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.]

4

இந்த இடத்தில் எனக்கும் மகாதேவிக்கும் சண்டை.

வதனிக்கும் வாய் அவிந்திருந்தது. இராசமலர் சங்கால் பருக்கினால் பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒரு காலை, மகாதேவி வேலைக்குச் சைக்கிளை உருட்டும்போது தங்கை பின்னாலேயே வந்து வாசல் படலையடியில் மறித்தாள்.

“அக்கா, போத்தலைக் கேக்கேல்லை நான். எலிக்குப் பூசினாப்போலை நகத்திலை ஒட்டியிருக்குமெல்லே, அதைக் கழுவாமல் கொண்டு வாவன்.”

மகாதேவி சைக்கிளை ஓரமாகத் திருப்பினாள்.

“நகத்திலை ஒட்டினதடி அக்கா! அதுகும் மற்றவையின்ரை பங்கோ?”

“பக்கத்து மக்டலீன்ரை பெடிச்சிக்கும் புண். திரைக்கு அங்காலை கிடந்து அழுகுது. நான் இங்காலை வதனிக்குப் பூசுறதோ?”

“தெரியாமல் பூசுவம்.”

“எனக்குத் தெரியுமெல்லே” என்றாள் மகாதேவி. “இரண்டு கிழமையெண்டு டொக்டர் சொன்னவர். எல்லாருக்கும் வரும். பொறு.”

இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போதும் வருகிறது. எழுதுகிறவன் நான்தானே, திருத்திவிடலாமே என்று நினைத்தேன். இப்படி எழுதினேன்:

‘அன்று மாலை மகாதேவி குழாயடியில் நின்றாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டவில்லை. சுட்டுவிரலை மடித்து மற்ற விரல்களுக்குள் பொத்திக்கொண்டு, ஒரு கையாலேயே சைக்கிளைப் பிடித்து, சண்டிலிப்பாய் வரை—’

அழகாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் பிடித்திருந்தது. ஒரு பக்கம் முழுக்க அவளைச் சைக்கிளில் கொண்டுவந்தேன். மானிப்பாய் தாண்டிவிட்டாள். அப்போது அவள் இறங்கி, தெருவோரக் கிணற்றில் தண்ணீர் அள்ளி, கையைக் கழுவிவிட்டாள். நான் எழுதவில்லை. அவளே கழுவினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன்.

இதைப் படித்த என் கூட்டாளி சந்தியோகு சொன்னான், “உப்பிடி ஒரு மனிசி இருக்கமாட்டாள். ஆரும் நம்பமாட்டாங்கள்.” நான் அவளைக் கண்டவன். அவள் கையைக் கண்டவன். சாம்பலில் தேய்த்துத் தேய்த்து நகக்கண் வெடித்திருந்தது.

5

ஆராய்ச்சியின் மூன்றாம் நாள்.

மேல்தட்டில் ஒன்பது கூடு, கீழ்த்தட்டில் ஒன்பது கூடு. தியாகலிங்கம் எலிகளுக்கு மயக்கம் கொடுத்து, ஒவ்வொன்றின் கன்னத்துக்குள்ளும் அமிலம் தோய்த்த காகிதப் பொட்டை ஒரு நிமிடம் ஒட்டி எடுத்திருந்தார். அந்த இடத்தில் வெள்ளையாகப் புண் எழும்பியிருந்தது. மேல்தட்டுக்குக் காலையும் மாலையும் களிம்பு பூசவேண்டும். கீழ்த்தட்டுக்கு ஒன்றும் பூசக்கூடாது. பூசுவது மகாதேவி. மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து புண்ணை அளப்பது டொக்டர்.

ஏன் கீழ்த்தட்டுக்குப் பூசக்கூடாது என்று அவர் அவளுக்குச் சொல்லித்தான் இருந்தார். “இரண்டையும் ஒத்துப்பாக்க வேணும் அக்கா” என்றார். அவள் தலையாட்டினாள். விளங்காமல் ஆட்டவில்லை. ஒத்துப்பார்ப்பது என்றால் என்னவென்று சந்தையில் மீன் வாங்குகிற எவருக்கும் விளங்கும். அவளுக்கு விளங்கியது. மனம் கேட்கவில்லை.

முதல் நாள் பூசினாள். மேல்தட்டு எலிகள் பஞ்சுக்குச்சியைக் கண்டதும் ஒதுங்கின. இரண்டாம் நாள் தாங்களாகவே முன்னுக்கு வந்தன. கீழ்த்தட்டு எலிகளும் கம்பிக்கு வந்தன. மூக்கை நீட்டிக்கொண்டு, ஒன்பதும் வரிசையாக. வாசம் பிடித்துவிட்டதோ, அல்லது மேலே நடப்பதைக் கேட்டனவோ தெரியாது. போட்ட தீனி போட்டபடியே கிடந்தது. கன்னம் நொந்து தின்ன முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை மேல்தட்டை முடித்துவிட்டுக் குனிந்தாள். ஒன்பது மூக்கும் கம்பியில்.

“என்னைப் பாராதேங்கோ” என்றாள்.

போத்தலை மூடினாள். அறையைக் கூட்டினாள். தண்ணீர் மாற்றினாள். முகாமில் அன்றைக்குக் காலையும் அகப்பையோடு நின்றுவிட்டு வந்த கை அது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மற்றக் கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று வாழ்நாளில் வைத்தறியாத கை. அவள் போத்தலை மறுபடி திறந்தாள்.

“பந்தியிலை இருத்திப்போட்டு இலை போடாமல் விடுறதோ?” என்று என்னிடம் கேட்டாள், நான்தான் அந்த ஆராய்ச்சியை நடத்தியவன் என்கிற மாதிரி. “எலியெண்டால் என்ன தம்பி? வாய்தானே.”

அன்றிலிருந்து பதினெட்டுக்கும் பூசினாள். பிள்ளைகளில் எல்லாருக்கும் கொடுக்க முடியாது, அதனால் ஒருவருக்கும் இல்லை. எலிகளில் எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியும், அதனால் எல்லாவற்றுக்கும். அவளுக்குள் இரண்டும் ஒரே சட்டம். நான் இதை நாலு வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், எங்கே பிழை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது எலிக்குப் பதினாலு நாளுக்கு என்று அளந்த களிம்பு எட்டாம் நாள் முடிந்தது. அன்றைக்கு ஒரு எலியின் கன்னத்திலும் புண் இல்லை. பதினெட்டும் தீனி தின்றன. மகாதேவிக்கு அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் சந்தோசம். மருந்து வேலை செய்கிறது, கண்ணால் கண்டுவிட்டாள். இன்னும் ஆறு நாள்.

6

வதனி பதினோராம் நாள் காலை செத்துப்போனாள்.

இதைப் பெரிதாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கஞ்சி வரிசை முடிந்து மகாதேவி திரைக்குள் வந்தபோது இராசமலர் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், பக்கத்தில் சங்கு கிடந்தது. பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு மக்டலீன் வந்து பிள்ளையின் கண்ணை மூடிவிட்டாள். மத்தியானம் ஊர்க்காரர் இடம் காட்ட, அங்கே புதைத்தார்கள்.

இராசமலர் அழுது முடிய ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கை கழுவினியோ அக்கா?”

மகாதேவி செத்தவீட்டுத் துடக்கோடு அடுத்த நாளே வேலைக்குப் போனாள். எலிகளுக்குத் தீனி வைக்க வேறு ஆள் இல்லை. டொக்டரிடம் சொல்லவில்லை. எல்லாரும் யாரையோ புதைத்துக்கொண்டிருந்த மாதத்தில் தன்னுடையதை மட்டும் எப்படிச் சொல்வது என்று நினைத்தாளாம்.

7

இனி நான் வருகிறேன். வராமல் தப்பலாம் என்று பார்த்தேன்.

பதினெட்டும் ஒன்றுபோலவே ஆறியதைத் தியாகலிங்கம் அளந்து எழுதினார். முதலில் அவர் நம்பவில்லை. “பஞ்சத்திலை வளர்ந்த எலியள், தானாய் ஆறுதுகள் போலை” என்று எனக்கே சொன்னார். அளவு அளவுதான். அறிக்கை எழுதி அடிக்கத் தந்தார். நான் அடித்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ரிபன். காய்ந்துபோன அதைத் தேங்காயெண்ணெய் தடவித் தடவி ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் பக்கத்தில் எழுத்துகள் வெளிறிப்போய் விழுந்தன.

வாங்க வந்தது மகாதேவி.

“என்ன தம்பி எழுதியிருக்கு? வாசியுங்கோ பாப்பம்.”

நான் மூன்றாம் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். பூசினதுக்கும் பூசாததுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை.

மகாதேவியின் முகம் மலர்ந்தது. உண்மையாகவே அவள் முகம் மலரத்தான் செய்தது.

“வித்தியாசம் பாராமல்தானே தம்பி நான் பூசினனான்” என்றாள். “டொக்டர் கண்டிட்டாரோ?”

அவள் அதை ஒரு நற்சான்றிதழ் என்று எண்ணினாள். முகாமில் அவளைப் பற்றிச் சனம் சொல்கிற அதே சொல் ஆராய்ச்சிக் காகிதத்திலும் வந்திருக்கிறது. வித்தியாசம் பாராத மனிசி.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு நான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். பூசாததும் ஆறினால் பூசியதால் ஆறவில்லை என்று அர்த்தம். மருந்து உதவாது என்று அர்த்தம். மாசிக்காய் வராது என்று அர்த்தம்.

அவள் என் மரவாங்கில் உட்கார்ந்தாள். நான் இதுவரை உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். எலிகளை, தங்கையை, நகத்தை, வதனியை. அழவில்லை. முடிவில் எழுந்து, “டொக்டரிட்டைச் சொல்லப்போறன்” என்றாள். “சொன்னால் திருப்பிப் பதினெட்டு எலிக்குப் புண் ஆக்குவார். ஒன்பதைச் சும்மா விடவேணும். விடுறன். இந்த முறை விடுறன்.”

அவளுக்கு அதைவிடப் பெரிய விலை ஒன்றும் இருக்கவில்லை. அதைக் கொடுக்க எழுந்துவிட்டாள்.

நான் சொன்னேன், “அக்கா, சொல்லாதேங்கோ. வேலை போயிடும்.”

வேலை போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. [இங்கே நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். அந்த நாலு வரியிலும் நான் நல்லவனாக இருந்தேன்.] அவள் போய்ச் சொன்னால் அறிக்கை மாறும். நாலு பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். ரிபன் இல்லை. என் மனதில் அப்போது இருந்தது அந்த ரிபன்தான்.

8

மறுநாள் காலை ஒன்பது மணி. தியாகலிங்கத்தின் அறை. வெளிறிய நாலாம் பக்கத்தை மட்டும் எப்படியோ திருப்பி அடித்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். உள்ளே மகாதேவி நிற்கிறாள். டொக்டரின் கையில் களிம்புப் போத்தல், வெறுமையாக. அறிக்கையைக் குழுவுக்குக் கொண்டுபோக வந்த ஆள் வெளியே மோட்டார்சைக்கிளில் இருக்கிறான்.

“பதினாலு நாளைக்கு அளந்து தந்தனான் அக்கா” என்கிறார் தியாகலிங்கம். “ஒன்பதாம் நாளே எல்லாம் ஆறினது, மிச்சம் இருக்கவேணும். பாத்தால் துடைச்சுக் கிடக்கு. எலிக்குப் பூசாமல் பிள்ளையளுக்குக் கொண்டுபோட்டீங்கள். அதுதான் அளவிலை வித்தியாசம் வரேல்லை. உண்மையோ?”

மகாதேவி அவரைப் பார்க்கிறாள்.

“எனக்குக் கோவமில்லை. உங்கடை தங்கச்சியின்ரை பிள்ளைக்கும் வாய்ப்புண்தானே? என்ரை பிள்ளையெண்டால் நானும் அதைத்தான் செய்திருப்பன். ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. பூசினாப்பிறகு பிள்ளைக்குப் புண் மாறிச்சோ? மாறினதெண்டால் இந்த அறிக்கையை நான் அனுப்பேல்லை. நானே குழுவிட்டைப் போய்க் கதைக்கிறன்.”

இனி முடிவுகள்.

அவள் ‘மாறேல்லை’ என்றிருந்தால்: அறிக்கை போயிருக்கும். எல்லாம் நடந்தபடியே நடந்திருக்கும். இந்த முடிவை எழுதுவதற்கு நான் தேவையில்லை.

அவள் ‘மாறிச்சு’ என்றிருந்தால்: தியாகலிங்கம் சந்தோசத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்கச் சண்டிலிப்பாய்க்குப் போயிருப்பார். இராசமலர் திரையை விலக்கியிருப்பாள். அந்தக் காட்சியை எழுத உட்கார்ந்த மூன்று தடவையும் எழுந்து போய்விட்டேன். ஆனாலும் பாருங்கள், அதற்கு முன்னர் மோட்டார்சைக்கிள்காரன் வெறுங்கையோடு போயிருப்பான்.

அவள் உண்மையைச் சொல்லியிருந்தால்: ‘களவெடுக்கேல்லை டொக்டர். எல்லா எலிக்கும் பூசினனான். பிள்ளைக்குப் பூசேல்லை. பிள்ளை இல்லை.’ இவ்வளவுதான். எண்ணிப்பார்த்தேன், ஒன்பது சொல். பதினெட்டும் ஏன் ஆறின என்று அவருக்கு அந்த நொடியே விளங்கியிருக்கும். அடுத்த கப்பலில் மாசிக்காய் வந்திருக்கும். முகாமில் அப்போது இன்னும் முப்பது பிள்ளைகள் வாயைத் திறக்க முடியாமல் கிடந்தார்கள். திரைக்கு அங்கால் மக்டலீனின் மகளும்.

நடந்தது இது. மகாதேவி சொல்ல வாயெடுத்தாள். அவள் உதடு பிரிந்ததை நான் கண்டேன். முதலில் டொக்டரைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நேற்று நான் சொன்னதை நினைத்துப் பார்த்தாளோ, அல்லது நீயும் சொல்லு என்று கேட்டாளோ, எனக்குத் தெரியாது. நான் உள்ளே போனேன்.

“டொக்டர், ஆள் பாத்துக்கொண்டு நிக்கிறான். கையெழுத்து வைக்கிற இடம் நாலாம் பக்கம்” என்றேன்.

தாள்களை மேசையில் வைத்து, பேனையையும் திறந்து கொடுத்தேன். மகாதேவி வாயை மூடிக்கொண்டாள். தியாகலிங்கம் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவள் தலை குனிந்திருந்தாள், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். குழு மாசிக்காயைச் சேர்க்கவில்லை. சண்டிலிப்பாய் முகாமில் அந்தப் பங்குனியில் பிறகு எத்தனை பிள்ளைகள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

சந்தியோகு கேட்கிறான், கதைக்கு முடிவு எங்கே என்று. முடிவு எழுதுகிற உரிமை எனக்கு இல்லை. இருந்த ஒரு தடவை நான் குறுக்கே பேசிவிட்டேன். அதனால் இப்போது ஒன்றுதான் செய்யலாம். என்னை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுகிறேன். தாளும் இல்லை, பேனையும் இல்லை, வாசலில் ஒருவரும் இல்லை. நீங்கள் வேண்டுமானால் அங்கே நில்லுங்கள். ஆனால் தயவுசெய்து பேசாதீர்கள்.

தியாகலிங்கம் மறுபடி கேட்கிறார்.

“சொல்லுங்கோ அக்கா. பிள்ளைக்கு மாறிச்சோ?”